வெந்நீரில் போட்ட பஞ்சு

ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு அடுத்த அறையில் அவளுக்கு வேலை. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தக்கறையோடு வந்து சேரும். அவள் தேய்த்துக் கழுவி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டிக்குள் தள்ளி, ஒரு கிருமி மிச்சமில்லாமல் வெளியே எடுப்பாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. பாத்திரம் தேய்க்கிற நாரைக்கூடக் கொதிக்க வைத்துக் காயப்போடுகிறவள். "உன்கிட்ட மாட்டின கிருமி போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ" என்று அவள் கணவர் கேலி பேசுவார்.

அதெல்லாம் முன்பு. இப்போது சில மாதங்களாக அவர் கேலியும் பேசுவதில்லை, வேறு எதுவும் பெரிதாகப் பேசுவதில்லை.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் எழும்புகிற இடத்தில் அவர் தூக்கிய இரும்புச் சட்டம் நழுவி விழுந்து, கீழே நின்ற கூட்டாளிக்கு ஒரு கால் போய்விட்டது. சங்கிலி தேய்ந்திருந்தது, ஓட்டினவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் தெளிவாகவே சொன்னார்கள். அவளும் மூச்சுக்கு முந்நூறு தடவை சத்தியம் பண்ணிச் சொன்னாள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "லீவர் என் கையிலதானே இருந்துச்சு" என்பார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கூப்பிட்டால் சாப்பிடுவார், கூப்பிடாவிட்டால் அதுவும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற புருஷன் வேண்டுமென்று ஒரு காலத்தில் அவள் ஆசைப்பட்டதுண்டு. ஆனால் இப்படி அல்ல.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மாத்திரை வாங்கப் போய், மாத்திரையை மறந்துவிட்டு, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு திரும்பி வந்தார்.

"வளர்ப்பு மீன் கடையில சிக்லிட்னு ஒண்ணு பார்த்தேன். மஞ்சள்ல இருக்கு, நீலத்துல இருக்கு. பொடி மீன்தான், ஆனா என்னமா சண்டை போடுது தெரியுமா! ஒவ்வொண்ணும் ஒரு கல் இடுக்கைப் பிடிச்சுக்கிட்டு, இது என் வீடுங்குது."

விபத்துக்கு அப்புறம் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அந்த நிமிஷத்தில் அவர் சமுத்திரத்தைக் கேட்டிருந்தாலும் அவள் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கக் கிளம்பியிருப்பாள்.

கூடத்தின் ஜன்னலோரம் நான்கடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஸ்டாண்டின் ஒரு காலுக்குக் கீழே அட்டை செருகினார். கண்ணாடி விரிசல் விடாதிருக்க அடியில் தெர்மாகோல் போட்டார். அப்புறம் கற்கள். இந்த மீன்கள் மணலைத் தோண்டிக்கொண்டே இருக்குமாம். மணல்மேல் கல்லை அடுக்கினால் சரிந்துவிடும். அதனால் முதலில் கல், பிறகுதான் மணல். ஒவ்வொரு கல்லையும் இரண்டு கையாலும் தூக்கி, நிறுத்தி, ஆடாமல் அசையாமல் மெதுவாக இறக்கினார். இறக்கியதும் விரலால் தள்ளிப் பார்த்தார். மறுபடி தள்ளினார். கல் அசையவில்லை. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றதை அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிழைத்துக்கொள்வார் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முதலாகத் தோன்றியது.

தண்ணீர் விட்டு, ஃபில்டரை ஓடவிட்டாயிற்று. மீன்தான் வரவில்லை.

"தண்ணி பழகணும்" என்றார். "மீன் கழிவுலேருந்து அம்மோனியா வரும். அது விஷம். அதைத் தின்னுற நல்ல கிருமி இங்க வளரணும். அதுவரைக்கும் மீன் விடக்கூடாது."

"வேலையில நான் கொல்றேன், வீட்டுல நீங்க வளர்க்கறீங்களா? நல்ல குடும்பம்!"

அவர் சிரித்தார். சத்தம் வரவில்லை, ஆனால் சிரித்தார்.

வாரக்கணக்காகக் காத்திருந்தார்கள். தினமும் அந்தக் கிருமிக்குத் தீனியாகத் தொட்டியில் அம்மோனியா சொட்டு விட்டு, தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, மருந்து கலந்து, நிறம் பார்ப்பார். பச்சையாக இருந்தால், விஷம் இன்னும் இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்குவார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்துகொள்ள ஆரம்பித்தார். ஒருநாள் குழாயில் பச்சையே இல்லாமல் மஞ்சள் வந்தது. சட்டை மாட்டிக்கொண்டு, மீன் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார்.

அன்று அவளுக்கு விடுமுறை. வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். அப்போதுதான் ஃபில்டருக்குள் இருந்த பஞ்சு அவள் கண்ணில் பட்டது. பழுப்பேறி, வழவழவென்று, பார்க்கவே குமட்டியது. அவள் வேலையில் ஒரு இடுக்கியில் இந்த வழவழப்பு இருந்தால் கருவித் தட்டையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். புது உயிர்கள் வருகிற நேரத்தில் இதுவா? நல்ல கிருமி விஷயம் அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. அது தண்ணீரில் இருக்கிறது என்று நினைத்தாள். அதனால் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பஞ்சை மட்டும் உருவி எடுத்து, இரண்டு தடவை கொதிக்க வைத்து, வெள்ளைவெளேரென்று பிழிந்து திரும்ப வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை. கைப்பிடித்துணி துவைத்ததை யாராவது போய் அறிவிப்பார்களா?

மீன்கள் வந்தன. அவர் நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டுக்கொண்டு, எது எந்த இடுக்கைப் பிடிக்கிறது என்று நேர்முக வர்ணனையே கொடுத்தார். அவள் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் அந்த வீட்டுக்கு வந்து வெகுநாளாகியிருந்தது.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் மீன்கள் சண்டையை விட்டுவிட்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சின்னக் குழாயில் மருந்து கரும்பச்சையாக மாறியது. பாதித் தண்ணீரை மாற்றினார். மறுநாளும் மாற்றினார். பச்சை இறங்கவில்லை. முதல் மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

"எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்" என்றார். அவளைக் கேட்ட மாதிரி இல்லை.

அவள் வேலையிலிருந்து நேராக மீன்கடைக்குப் போனாள். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாராவது பஞ்சைக் கழுவினீங்களா?"

"நான்தான். வெந்நீர்ல கொதிக்க வெச்சேன்" என்றாள்.

"அதுலதாம்மா கிருமி எல்லாம் குடியிருக்கும். தண்ணில ரொம்ப இருக்காது. வெந்நீர் பட்டா மொத்தமும் காலி." தன் தொட்டியிலிருந்து ஒரு அழுக்குப் பஞ்சை எடுத்து, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். "இதைப் போட்டுப் பாருங்க. தாங்குதான்னு பார்ப்போம்."

அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கதவைத் திறந்தால் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வாளியில் மீன்கள் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"என் கை பட்டா இப்படித்தான்" என்றார்.

"இல்லீங்க. நான்தான். நீங்க கடைக்குப் போனப்போ பஞ்சை எடுத்து வெந்நீர்ல கொதிக்க வெச்சேன். அதுலதான் கிருமி இருந்துச்சாம். எனக்குத் தெரியாதுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல!"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எழுந்து போய் ஃபில்டரைத் திறந்து பஞ்சை எடுத்து நீட்டினார். மீன்கள் தோண்டிய மணலும் தின்னாமல் விட்ட தீனியும் ஏறி அது திரும்பவும் பழுப்பாகியிருந்தது.

"இதையா கொதிக்க வெச்சே?"

"அது அப்புறம் ஏறின அழுக்குங்க. கடைக்காரரையே கேளுங்க."

"அவர்கிட்ட போய்ச் சொல்லி வெச்சிட்டு வந்திருக்கே." அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பாள். "அன்னிக்குச் சங்கிலின்னே. இன்னிக்குப் பஞ்சுங்கறே. எனக்காக இன்னும் எத்தனை சொல்லுவே?"

"சத்தியமாங்க!"

"அன்னிக்கும் சத்தியம்தான் பண்ணினே."

அழுகிறவளின் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். பாதியிலேயே இறக்கிக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கினார். ஃபில்டரின் சத்தம் நின்றது. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

கடைக்காரர் கொடுத்த பஞ்சுப் பை கையில் தொங்க, அவள் அறை வாசலில் நின்றாள். 

"நான்தாங்க பண்ணினேன்" என்றாள் மறுபடியும்.

"சரிம்மா" என்றார் அவர், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில்.