ஸ்டார்ட்டருக்குப் போட்ட தகடு

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மூன்றாவது தடவையாக உறுமிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது சைலன்சருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. ஸ்டூலிலிருந்து எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வண்டியையே பார்த்தபடி நின்றார்.

சைலன்சர் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். புகைக்குழாய் வேலையில் கெட்டிக்காரர் என்பதால் வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வாயே திறக்காத மனிதர் என்பதால் வைத்தது என்று மற்ற எல்லாருக்கும் தெரியும்.

வண்டி பல் டாக்டருடையது. இரண்டே இருக்கை, தரையை ஒட்டின உடம்பு. அழகுக்காகச் செய்த வண்டியில் இன்ஜினுக்கு இடம் எங்கே இருக்கும்? எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்திருந்தார்கள். கொதிக்கக் கொதிக்கப் புகை போகும் குழாய், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இரண்டு விரல் தள்ளித்தான் போனது. ஓடுகிறவரைக்கும் ஒன்றும் தெரியாது. நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெந்துபோன ஸ்டார்ட்டர் சுற்றாது. அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

நோய் தெரிந்தால் மருந்து பெரிய விஷயமில்லை. முதல் தடவை குழாய்க்குக் கண்ணாடி இழைப் பட்டையைச் சுற்றினார். அந்த இழை தோலில் ஏறிக்கொண்டு நாள் கணக்கில் அரித்தது. பிறகு ஓர் அலுமினியத் தகட்டை வளைத்து, குழாய்க்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே இரண்டு போல்ட்டில் நிறுத்தினார். நல்ல வேலை. திரும்பவும் ஒரு முறை குனிந்து பார்த்துத் தானே ரசித்துக்கொண்ட வேலை.

கொஞ்ச நாளில் வண்டி திரும்பி வந்தது. தகடு ஒற்றைப் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றதைக் காணோம்.

அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் பிடித்தது. முடுக்கினோமா, இல்லையா? முடுக்கின மாதிரியும் இருந்தது, முடுக்காத மாதிரியும் இருந்தது. அவருடைய அண்ணனும் மெக்கானிக்தான். ஐம்பதைத் தாண்டியதும் ஸ்பேனரை வைத்த இடம் மறந்தார். அப்புறம் போல்ட்டை முடுக்க மறந்தார். அப்புறம் வீட்டுக்கு வரும் வழியை. அண்ணி தெருத்தெருவாக அலைந்து கூட்டி வருவாள். ஒரு நாள் கூடப்பிறந்த தம்பியைப் பார்த்து, “சார், நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்டார். அந்த ‘சார்’ இன்னும் சைலன்சரின் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பார்கள். மறதி என்று சொன்னாலே வந்துவிடும் என்று இவர் பயந்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. கூட வேலை பார்த்த மச்சானும் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான், ‘நான் முடுக்கினதைப் பார்த்தியா’ என்று கேட்கக்கூட ஆளில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போவார். பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். படுத்தால் கண்ணுக்குள் போல்ட் போல்ட்டாக வரும்.

இது போதாதென்று, கொஞ்ச நாளாக மனைவி வேறு காலையில் ஏதாவது ஒரு சாமான் சொல்லி அனுப்புகிறாள். ஒரு நாள் சோப்பு, ஒரு நாள் ஊசி, ஒரு நாள் தீப்பெட்டி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரேயடியாக வாங்கத் தெரியாதா இவளுக்கு என்று அலுத்துக்கொண்டே வாங்கிப் போவார். இன்றைக்கும், “வரும்போது ஒரு தீப்பெட்டி. மறந்துடாதீங்க” என்றுதான் வழியனுப்பினாள்.

இரண்டாவது தடவை தகட்டை மாட்டியபோது அவர் ஒரு காரியம் செய்திருந்தார். முடுக்கின கையோடு, போல்ட் தலையிலிருந்து தகடுவரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டார். போல்ட் திரும்பினால் கோடு இரண்டாக விலகும். கோடே இல்லையென்றால் அவர் அந்தப் போல்ட்டைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அதற்குமேல் யோசிக்க அவருக்குத் தைரியமில்லை.

டாக்டர் இறங்கினார். பக்கத்து இருக்கையிலிருந்து மகள் இறங்கினாள். வேலைக்குப் போகிற பெண், காதில் எதையோ செருகியிருந்தாள். யாரையும் பார்க்காமல் எதிர்க்கடைக்குக் காபி குடிக்கப் போய்விட்டாள்.

“மறுபடியும் அதே கதைதான் அண்ணே” என்றார் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

குழாய் தொடுகிற சூட்டுக்கு வரும்வரை சைலன்சர் காத்திருந்தார். வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனார்.  

தகடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு போல்ட் பாதி கழன்றிருந்தது. போல்ட் தலையில் பாதிக் கோடு, தகட்டில் மீதிக் கோடு, மஞ்சளாக, பளிச்சென்று.

முடுக்கியிருக்கிறார். கோடும் இழுத்திருக்கிறார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். போல்ட் தலையின் மூலைகள் எலி கடித்த மாதிரி மழுங்கியிருந்தன. அளவு தெரியாதவன், வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டுத் திருகின வேலை. அவர் கடையில் அந்தச் சாமானுக்கு இடமே கிடையாது.

வெளியே வந்ததும் டாக்டரின் கையைத்தான் பார்த்தார். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், நேராக ஒரு சூட்டுக் கோடு. புதிது. குழாய் ஆறுவதற்குள் கையை விட்டவனுக்கு மட்டும் விழுகிற கோடு அது. சைலன்சரின் இரண்டு கையிலும் அந்த மாதிரி நிறைய உண்டு.

“கையில என்ன டாக்டர்?”

“இதுவா... குக்கர் பட்டுடுச்சு.”

“குக்கர் எங்கயாவது இப்படி ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி சுடுமா?”

டாக்டர் எதிர்க்கடையைப் பார்த்தார். மகள் முதுகைக் காட்டி நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான்தான் கழட்டினேன். ரெண்டு தடவையும்.”

சைலன்சர் கையிலிருந்த டார்ச்சை அணைத்தார்.

“வாய்க்குள்ள சின்னக் கண்ணாடிய விட்டு வேலை பாக்குறவன் நான். ஒரு போல்ட் கழட்டுறது பெரிய விஷயமில்ல. வண்டி முதல் தடவை நின்னப்ப, நானும் அவளும் ரோட்டோரம் ஒரு பாலத்துக் கட்டையில உட்கார்ந்திருந்தோம். வீட்ல எங்களுக்குள்ள சண்டையெல்லாம் இல்ல அண்ணே. பேச்சும் இல்ல. ‘அப்பாவ சாப்பிட வரச் சொல்லும்மா’ன்னு நான் பக்கத்துல நிக்கும்போதே அவ அம்மாகிட்ட சொல்லுவா. அன்னிக்கு அவ போன்ல சார்ஜ் இல்ல. அரை மணி நேரம் பேசினா. வேலை பிடிக்கலைன்னு சொல்லி அழுதா. எங்கிட்ட அழுதா. அப்புறம் நீங்க சரி பண்ணிக் குடுத்தீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை போனோம், வந்தோம். ஒரு வார்த்தை இல்ல. வண்டி அவ்வளவு நல்லா ஓடுச்சு.”

“அப்புறம் எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?”

“வாரா வாரம் நின்னா வீட்டம்மா விடுவாளா? மெக்கானிக்கிட்ட காட்டுங்கன்னு ஒரே சத்தம். காட்டித்தானே ஆகணும்.”

சைலன்சர் ஒரு வருஷத்துக்குப் பேசுகிற பேச்சை அப்போது ஒரே மூச்சில் பேசினார்.

“தகடு தொங்குற இடத்துல பேட்டரி ஒயர் போகுது டாக்டர். தட்டியிருந்தா வண்டியோட எரிஞ்சு போயிருக்கும். பொண்ணு உள்ள உட்கார்ந்திருக்கா! அதை விடுங்க. எங்கண்ணனுக்கு எல்லாம் மறந்துபோச்சு. எனக்கும் ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைச்சேன். நான் நிம்மதியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? உங்க பொண்ணோட பேசுறதுக்கு நான் பைத்தியமாகணுமா?”

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, எனக்கு இப்படித் தோணவே இல்லையே அண்ணே.”

“பேசணும்னா ஓரமா வண்டிய நிறுத்துங்க. சாவியத் திருப்பினா நின்னுட்டுப் போகுது.”

“நானா நிறுத்தினா ஏன் நிறுத்துறீங்கன்னு கேப்பாளே. அதுக்கு என்ன சொல்றது?”

 வாயைக் கட்டி வைத்திருப்பதில் சைலன்சருக்கு டாக்டர் ஒன்றும் இளைத்தவரில்லை. திட்டித் தீர்த்ததில் உடம்பு ஓய்ந்துபோய், புதுப் போல்ட் இரண்டை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனார். டாக்டரையும் குனியவைத்து, அவர் கண் முன்னாலேயே முடுக்கிக் கோடு இழுத்தார்.

மகள் வந்தாள். “சரியாயிடுச்சா அங்கிள்?” என்று கேட்டாள். கேட்ட குரலில் சந்தோஷமே இல்லை.

சைலன்சர் துணியில் கையைத் துடைத்தார். தகடு கல் மாதிரி நிற்கிறது. இனி அந்த வண்டி எந்த வெயிலிலும் நிற்காது. அது அவருக்குத் தெரியும்.

“முழுசாச் சரியாகாதும்மா” என்றார். “இந்த வண்டிக் குணம் அப்படி. ரொம்ப தூரம் போனா நடுவுல நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் எடுக்கணும். அப்பாக்கிட்டயும் சொல்லியிருக்கேன்.”

தன் வேலையைத் தானே மட்டம் தட்டிப் பேசினது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கால் வலித்தது, ஆனால் மனசில் பாரமில்லை. மனைவி கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

“தீப்பெட்டி?”

“அட, மறந்தே போச்சு!” என்றார் சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. “பரவாயில்லைங்க. உட்காருங்க” என்றாள், ரொம்ப மெதுவாக. அண்ணி அண்ணனிடம் பேசுகிற குரல் அது.

அவர் நேராகச் சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். டப்பாக்களுக்குப் பின்னால் பிரிக்காத தீப்பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. பக்கத்தில் சோப்பு. ஊசிப் பொட்டலங்கள்.

“எத்தனை நாளா?”

“நீங்க பாதி வழியில திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பாக்குறீங்கன்னு பக்கத்துக் கடைக்காரம்மா சொன்னதுலேர்ந்து.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “இன்னிக்கு வரைக்கும் ஒண்ணைக்கூட நீங்க மறக்கல.”

“எங்கிட்டயே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா சொல்லிடுவீங்களா?”

சைலன்சர் அலமாரியை மூடினார். அப்படியே சமையலறைத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்புக் காரிலிருந்து ஆரம்பித்தார். தகடு, போல்ட், மஞ்சள் கோடு, டாக்டர் கையில் இருந்த சூடு, எல்லாவற்றையும் சொன்னார். இன்றைக்குத் தீப்பெட்டியை மறந்தது சந்தோஷத்திலா, அசதியிலா, இல்லை அண்ணனுக்கு வந்த அதுதானா என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொன்னார்.