முதல் கேள்வி சிட்டுக்கு

தையற்காரி அன்று ஒரு முடிவோடுதான் வீட்டை விட்டுக் கிளம்பினாள். போகிற இடத்திலும் எவராவது மகளின் முகத்துக்கு நேரே "ஊமையா?" என்று கேட்டால், இனி எந்த அலுவலகப் படியையும் மிதிப்பதில்லை. பேச்சுப் பயிற்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சிட்டுக்கு மூன்று வயது முடிந்தும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை என்பது உண்மைதான். அதற்காகப் போகிற வருகிறவர்களெல்லாம் அவளை வேடிக்கைப் பொருளாக்குவதா?

குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான அந்தச் சேவை மையத்தை அரசாங்கம் நடத்துகிறது என்று நம்புவதே கஷ்டம். தரையெல்லாம் மெத்தென்ற விரிப்பு, முழங்கால் உயரத்தில் மேசைகள். சுவரில் மையத்தின் நெறிகளைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். முதல் வரி: 'இங்கே முதல் கேள்வி குழந்தைக்கே.' சுவர் கிடைத்தால் எதைத்தான் எழுத மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள் தையற்காரி.

ஜன்னலோர நாற்காலியில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைமை அலுவலகத்து அதிகாரி, மையத்தைப் பார்வையிட வந்திருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் வாசலருகிலேயே நின்றுவிட்டாள். அதிகாரி இருக்கிற இடத்தில் நம்மை யார் சீந்தப் போகிறார்கள்?

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்தாள். வந்தவள் நேராகத் தரையில் உட்கார்ந்து சிட்டுவின் முகத்தைப் பார்த்தாள்.

"சிட்டு, எங்க உக்காந்து விளையாடலாம்?"

"அவளுக்குப் பேச வராதும்மா. எங்க சொன்னாலும் உக்காருவா," என்று தாய் முந்திக்கொண்டாள். பழக்கதோஷம். மகளிடம் யார் எது கேட்டாலும் பதில் அவளுடையதுதான்.

"பரவால்லக்கா, அவளே சொல்லட்டும். காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். தாய்க்கு நாக்கு நுனிவரை பதில் வந்து வந்து போனது. சிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள், அதிகாரியின் நாற்காலியைப் பார்த்து.

தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது ஐயாவோட இடம்டி."

பயிற்சிக்காரப் பெண் அசரவில்லை. தரையில் இருந்தபடியே திரும்பினாள். "சார், அந்த இடம் சிட்டுக்கு வேணுமாம். கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

போச்சு, எல்லாம் கெட்டது என்று தையற்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அதிகாரி சுவரைப் பார்த்தார். சிட்டுவைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "அந்த முதல் வரிக்காக எத்தனை கூட்டத்துல மல்லுக்கட்டினேன் தெரியுமா? அது என்னையே எழுப்பி விடும்னு அப்போ தோணல." எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

சிட்டு அந்த நாற்காலிக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். சொந்த வீட்டுக்குள் நுழைகிற மிடுக்கு. தையற்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் பயந்துகொண்டே வந்த அந்த வார்த்தை கடைசிவரை அங்கே யார் வாயிலும் வரவில்லை. பையை இறக்கி வைத்தாள்.

சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"என்ன சொன்னாங்க?"

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. உங்க பொண்ணுகிட்டதான் கேட்டாங்க."

"இவகிட்டயா? இவ என்ன சொன்னா?"

"எந்திரின்னு சொன்னா. பெரிய அதிகாரி எந்திரிச்சுட்டாரு."

அவன் மனைவியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"சிட்டு, அப்பா எங்க உக்காரட்டும்?"

தையற்காரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மகளைப் பார்த்துக் காத்திருந்தாள்.