அக்கா போடாத கையெழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அக்காவின் மானத்தை வாங்கத்தான். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. வீட்டை விற்று மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இன்னும் ஒரு துரும்பு அசையவில்லை.

முதல் தொடக்கம்: 'என் அக்கா ஒரு கல்நெஞ்சக்காரி. என் வாடகை வீட்டுக் கூரை ஒழுகுவது தெரிந்தும் அவள்—'

(நிறுத்திவிட்டேன். கூரை ஒழுகுவது நிஜம். கல்நெஞ்சம் பொய்.)

2

மூன்றாவது பங்கு தம்பியுடையது. பதினொரு வருடத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு ஒரே ஒரு பையோடு கிளம்பியவன். (அன்று அவனைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை.)

போன வாரம் வக்கீல் ஒரு தாளை நீட்டினார். "நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா, தம்பி உயிரோட இல்லைன்னு கோர்ட்ல உத்தரவு வாங்கிடலாம். அப்புறம் ரெண்டே பங்குதான்."

நான் போட்டுவிட்டேன். அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"மாசாமாசம் வீட்டை விட்டுப் போனப்புறம் அவன் தங்கியிருந்த விலாசத்துக்கு லெட்டர் போடுறேன். திரும்பித்தான் வருது. ஆள் இல்லைன்னு எழுதியிருக்கு. செத்துட்டான்னு எழுதலையே?"

"அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு?"

"கூரைக்கு எவ்வளவு வேணும், சொல்லு. என் வளையலைக் கழட்டித் தரேன். அவனைச் சாகடிக்க மட்டும் சொல்லாதடா."

3

முடிவு ஒன்று: அக்கா கையெழுத்துப் போடுகிறாள். (எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அழைப்பு மணி அடிக்கிறது. அக்கா கதவைத் திறக்கிறாள். வாசலில் நிற்பவன்—

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எத்தனையோ பேருக்கு முகம் எழுதிப் பிழைப்பவன் நான். தம்பிக்கு இப்போது முப்பது வயது. தாடி வைத்திருக்கிறானா, முடி கொட்டிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. அவனைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு தடவை, தூரத்திலிருந்தாவது.

4

முடிவை வாசகர்களிடம் விடுவது எங்கள் தொழிலில் உண்டு. மற்றவர்கள் மன்னிக்க வேண்டும், இதை ஒருவனிடம்தான் விட முடியும்.

டேய், இன்று காலையில் வக்கீல் ஆபீசுக்குப் போய் என் கையெழுத்தை அடித்துவிட்டு வந்தேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீயே வந்து சொல்லு.