அறுபது சைஸ் குருவி ஊடு

என் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் சித்ரகலா, அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, கோணல் எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் பிழைப்பு. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவர் வெட்டியதற்கெல்லாம் அம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடுப்பு அவருக்கு உண்டு.

நல்லூரில் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குக் கதவு கிடையாது. அதற்குள் ஒரு ஜோடிக் குருவி வைக்கோலும் நூலும் கொண்டுவந்து திணிக்க ஆரம்பித்தது. இன்னும் முட்டை வைக்கவில்லை. அதற்குள் மீட்டர் பார்ப்பவர் வந்து, "திங்கக்கிழமை புது மீட்டர் மாட்டிக் கதவு போட்டு மூடிருவோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பகல் பூரா மிஷின் இரைச்சலில் காது செத்து வருகிறவளுக்கு, வேலை எதுவும் சொல்லாத ஒரே சத்தம் அந்த இரண்டும் போடுகிற சத்தம்தான். அவை போய்விடக் கூடாது.

"பலகையில ஒரு ஊடு பண்ணித் தொங்க உட்டாப் போச்சு" என்றார் இவர்.

"ஏனுங்க, நீங்க சுத்தியல் புடிச்சதே இல்லீங்களே."

"இருவது வருசமா வெட்டறவனுக்குப் பலகை வெட்டத் தெரியாதா? இந்த வாட்டி உன்ற அம்புக்கு வேலையே இருக்காது, பாரு."

ஞாயிற்றுக்கிழமை, தையல் மிஷின் வந்த பெட்டிப் பலகையை ஆறு சதுரமாக அறுத்தார். பாதி நேரம் ரம்பம் சிக்கிக்கொண்டது. இழுத்த வேகத்தில் இரண்டு முறை மல்லாந்து விழுந்தார். நான் வெங்காயம் உரித்தேன். பிறகு வாசல் ஓட்டை போட பக்கத்துப் பட்டறை ஞானசம்பந்தத்திடம் பலகைகளைக் கொண்டுபோனார். திரும்பி வந்து, கட்டைவிரலில் பாதியும் ஆணியில் மீதியுமாக அடித்து முடித்து, பெட்டியை என் கையில் கொடுத்தார்.

முன்னால் ஓட்டை. திருப்பினேன், பின்னாலும் ஓட்டை. இரண்டு பக்கமும் ஓட்டை. மேலே ஓட்டை, அடியிலும் ஓட்டை. எப்படி உருட்டினாலும் ஒன்று மட்டுமே விழும் தாயக்கட்டை மாதிரி இருந்தது.

கம்பெனியில் துணியை நாற்பது மடி அடுக்கி, மேல் துணியில் மட்டும் கோடு போட்டு, மொத்தமாக ஒரே வெட்டு வெட்டுவார்கள். மனுஷர் ஆறு பலகையையும் அதே மாதிரி அடுக்கி, மேல் பலகையில் வட்டம் போட்டு, ஒரே ஓட்டாக ஓட்டை போடச் சொல்லியிருக்கிறார்.

"ஆணி அடிக்கையிலயாச்சும் தெரியலீங்களா?"

"எல்லாப் பீசும் ஒண்ணாட்டமே இருந்துச்சு. சந்தோசமா இருந்தேன்."

கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஆறு ஓட்டைக்கும் ஆறு அம்பு ஒட்டினேன். அவர் காபியை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் ஓட்டை இருந்தால் முட்டை எங்கே நிற்கும்? விடிந்தால் திங்கள்.

பெட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மேலே கழுத்து. பக்கத்துக்கு ஒரு கை.

"ஏனுங்க, இது ஊடு இல்லீங்க, பனியன்!"

சட்டென்று திரும்பினார். வீடு துடைக்க வைத்திருந்த கழிவு பனியன் மூட்டையைக் கொட்டி, குழந்தைகள் போடுகிற அறுபது சைஸ் கையில்லாத பனியன் ஒன்றைத் தேடிப் பெட்டிக்கு மாட்டினார். முன்னும் பின்னும் மூடிக்கொண்டன. கீழே மிஞ்சிய துணியை இழுத்து முடிச்சுப் போட்டதும் அடி ஓட்டை அடைபட்டது. கழுத்துக்குள் ஊத்துக்குளி நெய் டப்பா மூடியைச் செருகினேன். இரண்டு கை ஓட்டைகள் மட்டும் திறந்திருந்தன.

"ஃபிட்டிங் எப்படி?" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பனியனுக்குள் கையை விட்டு ஐந்து அம்பைக் கிழித்தேன். ஆறாவதை உரித்து, வலது கை ஓட்டையின் ஓரத்தில் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினேன்.

"அது எதுக்கு?"

"குருவிக்கு வழி தெரியோணுமில்லீங்க."

திங்கட்கிழமை மீட்டர்காரர் வந்து வைக்கோலை அள்ளி என் கையில் கொடுத்தார். பக்கத்தில் நாங்கள் தொங்கவிட்டிருந்த பெட்டியைப் பார்த்து, "கொழந்தை துணி காயுதுங்களா?" என்று கேட்டார். குருவிகள் கம்பியில் உட்கார்ந்து கத்தின. செவ்வாய்க்கிழமை வரவே இல்லை. அன்று இவருக்குச் சோறு போட்டுவிட்டு, நான் வாசலில் உட்கார்ந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன் காலை ஆண் குருவி ஒரு நூலைக் கவ்விக்கொண்டு வந்தது. அம்பைப் பார்த்தது. ஒரு கொத்து கொத்தியது. அப்படியே சுற்றிப் போய், அம்பில்லாத இடது கை வழியாக உள்ளே நுழைந்தது. பின்னாலேயே பெண் குருவியும் போனது.

"உன்ற அம்பை மதிக்காத ஜீவன் ஒண்ணு இப்பத்தான் இந்த ஊட்டுக்கு வந்திருக்குது, புள்ள" என்றார் இவர். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

கைப்பையைத் துழாவி, நல்ல பீசுக்கு மட்டும் ஒட்டுகிற பச்சை ஓகே ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அவர் சட்டைப் பையில் ஒட்டினேன்.

"பொட்டிக்கு ஒட்டலியா?"

"அது இன்னுங் கோணலாத்தான் இருக்குதுங்க."