அரிசி டப்பாவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

காலை ஏழே முக்காலுக்கு வாசல் பூட்டு விழும் சத்தம் கேட்டால், லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குக் கிளம்பிவிட்டார் என்று அந்த மாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டு தட்டிக்கொள்வார். உள்ளே மனைவி இருப்பாள்.

"ஊரு கெட்டுக் கெடக்கு. நான் வர்ற வரைக்கும் யாரும் உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது பாரு" என்பார். அதட்டிச் சொல்ல மாட்டார். அதட்டவே தெரியாத மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பள நாளன்று மனைவிக்குப் பூ இல்லாமல் வீடு திரும்ப மாட்டார். தெருவே அவரைத் தங்கக்கம்பி என்றது.

"உன்னை உள்ளங்கையில வச்சுத் தாங்குறாரு. நீ குடுத்து வச்சவ" என்று எதிர்வீட்டு அக்கா அடிக்கடி சொல்வாள். கொடுத்து வைத்தவள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று தலையாட்டுவாள். ஆறு வருடமாக அவள் தனியாகத் தெருமுனை வரை நடந்ததில்லை.

கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் ஒரு சர்வீஸ் கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவள் அவள். செத்துப்போனது என்று மற்றவர்கள் கைவிட்டதை எல்லாம் எழுப்பி உட்கார வைத்த கை. உதிரிகளைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கம்ப்யூட்டரும் செய்து வைத்திருந்தாள். "இனிமே நீ எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று மாப்பிள்ளை சொன்னபோது, அவள் வீட்டார் கண் கலங்கிவிட்டார்கள். அவளும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இது சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு" என்று அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் போடத் தூக்கினார். அவர் எடுத்துப் போனது வெறும் தகரக் கூடு. முதல் நாளே அவர் சூசகமாகச் சொல்லியிருந்ததால், உள்ளிருந்த மதர்போர்டு முதல் மின்விசிறி வரை எல்லாவற்றையும் கழற்றிப் பழைய புடவைகளுக்குள் சுற்றி வைத்துவிட்டாள். குட்டி மானிட்டரை எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு பொய். கம்ப்யூட்டர் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று நம் தங்கக்கம்பி யோசிக்கவே இல்லை.

கூடு போய்விட்டது. புதுக் கூடு வாங்க அவளுக்குக் கடைக்குப் போக வழியில்லை, வரவழைத்தால் வாங்கி வைக்கக் கதவு திறக்காது. வீட்டில் இருப்பதை வைத்துத்தான் செய்தாக வேண்டும். எதில் வைப்பது, எங்கே ஒளிப்பது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவளுக்குக் கடைசியில் சிரிப்பு வந்தது. அவர் சமையலறைக்குள் கால் வைத்தே பார்த்ததில்லை. குடிக்கிற தண்ணீர்கூடக் கைக்கு வந்துவிடும். அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் ஏது?

இருபது கிலோ பிடிக்கிற பிளாஸ்டிக் அரிசி டப்பா ஒன்றைக் காலி செய்தாள். விரிசல் விட்ட காய் நறுக்கும் பலகையை அடியில் போட்டாள். மதர்போர்டு பலகையைத் தொடாமல் நிற்கப் பேனா மூடிகளை ஒரே உயரத்துக்கு வெட்டி முட்டுக் கொடுத்து, உடைந்த ஸ்டூலின் திருகுகளால் முடுக்கினாள். ஹார்ட் டிஸ்க் அதிராமல் இருக்கப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. மின்விசிறிக்கு முன்னால் தூசு தடுக்கப் பழைய சல்லடையின் வலை. ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் சுட்டு, டப்பாவின் பக்கவாட்டில் காற்றுக்குத் துளை போட்டாள். அந்த நாற்றத்தை மறைக்கப் பாலை வேண்டுமென்றே பொங்கவிட்டுத் தீய்த்தாள். "பாத்துச் செய்மா, கை சுட்டுக்கப் போற" என்றார் சாயங்காலம் வீடு திரும்பியவர், அன்பாக.

ஒரே ஒரு குறை. துளைகள் போதவில்லை. ஓடும்போது மூடியைத் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி நின்றுவிடும்.

ஃபோனிலிருந்து இணையத்தை எடுத்து, மூன்று மாதம் திருட்டுத்தனமாகப் படித்தாள். வீட்டிலிருந்தபடியே அடுத்தவர் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுக்கும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். ஆன்லைன் தேர்வு ஒரு புதன்கிழமை, பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. ஆளுக்கு ஒரே வாய்ப்பு. பாதியில் நின்றால் நின்றதுதான்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு அறுபது கேள்வியில் நாற்பத்தெட்டை முடித்திருந்தாள். கை பழைய வேகத்துக்கு வந்திருந்தது. அப்போது வாசலில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

மானிட்டரை அணைத்துப் பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினாள். கம்ப்யூட்டரை நிறுத்தினால் தேர்வு போய்விடும். ஓடிக்கொண்டிருந்த டப்பாவை, சத்தம் வெளியே கேட்காமலிருக்க, அப்படியே மூடி, மேலே ஒரு துணியையும் போட்டாள். இவ்வளவு படித்தவள் அந்த அவசரத்தில் செய்த தப்பு அதுதான்.

அவர் கையில் கட்டோடு நின்றார். "ஏணியிலேர்ந்து வழுக்கிட்டேன். சுளுக்குதான், பயப்படாத. ஒரு வாய் தண்ணி குடு."

தண்ணீர் கொடுத்தாள். மாத்திரை கொடுத்தாள். உள்ளே ஓடி மானிட்டரைப் போட்டு ஒரு கேள்விக்கு விடை அழுத்தினாள். தலையணை கேட்டார், கொடுத்தாள், ஓடினாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வாய்விட்டு எதுவும் சொல்ல முடியவில்லை. மணி ஒன்றாக இன்னும் ஒன்பது நிமிடம்.

"ஐஸ் இருந்தா கொண்டா" என்று கூப்பிட்டார். ஐம்பத்தைந்தாவது கேள்வியில் இருந்தவள் காதில் அது விழவில்லை. ஆறு வருடத்தில் முதல் முறையாக அவரே எழுந்து சமையலறைக்கு வந்தார்.

"என்னது, அரிசி டப்பா முனகுது?"

அவள் எழுந்து நின்றாள். அவர் துணியை விலக்கி மூடியைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. மின்விசிறி ஒரு முறை இழுத்து மூச்சை விட்டது. மானிட்டர் கறுத்தது. தேர்வு போயிற்று.

டப்பாவின் பக்கவாட்டில் கம்ப்யூட்டரைப் போடும் சுவிட்சாக ஒரு வட்டப் பொத்தான் இருந்தது. அவருடைய கருவிப் பெட்டியில் கிடந்த பழைய லிஃப்ட் பொத்தான். அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் நீயே செஞ்சியா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் மறைச்ச? நான் அடிச்சேனா, திட்டினேனா? உனக்கு என்ன கொற வச்சேன்?"

"ஒரு கொறையும் வைக்கலீங்க. வெளியில பூட்டு மட்டும் வச்சீங்க." அவள் குரல் உடைந்தது. "இன்னும் ஆறு கேள்விதான் பாக்கி இருந்துச்சு. பாஸ் ஆகியிருப்பேன்."

"உன் நல்லதுக்குத்தானே..."

"ஒண்ணு கேக்கட்டுமா? லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எதுக்கு அப்படி அழறாங்க? உள்ள காத்து இல்லையா?"

தொழில் கேள்வி. வாய் தானாகப் பதில் சொன்னது. "காத்தெல்லாம் இருக்கும். லைட்டு இருக்கும், ஃபேன் இருக்கும். மூச்சு முட்டவே முட்டாது. ஆனா கதவு தன் கையில இல்லேன்னு தெரிஞ்சுடுச்சுன்னா, எப்பேர்ப்பட்ட ஆளும் அஞ்சு நிமிஷத்துல..."

மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவர் பிழைப்பு. கதவைத் திறந்ததும் அந்த முகங்கள் எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. இப்போது எதிரில் நின்ற முகத்தைப் பார்த்தார். எத்தனையோ முகம் பார்த்த கண்ணுக்கு, வீட்டு முகம் மட்டும் தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது.

கட்டுப் போடாத கையால் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். "மறுபடி கேட்டுப் பாரேன், இன்னொரு தடவ எழுத விடுவாங்களான்னு."

"ஃபோன்ல விட மாட்டாங்க. நேர்ல போய்க் கேக்கணும்."

"நான் கூட வரவா?"

"வேண்டாம்."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஆறு வருடத்துக் கோபம் ஒரு சாவியால் ஆறிவிடாது. திரும்பிப் பார்க்காமல்தான் போனாள்.

திறந்து கிடந்த வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள்.

"என்ன தம்பி, அவளைத் தனியா அனுப்பிட்டீங்க?"

"நான் அனுப்பலக்கா. அவளாப் போறா." கதவில் தொங்கிய பூட்டைக் கையில் எடுத்தார். "பாசம்னு பேரு வச்சுப் பூட்டினாலும், உள்ள இருக்கறவங்களுக்கு அது பூட்டுதான். இத்தனை வருஷம் லிஃப்ட் கதவைத் திறந்துவிட்ட எனக்கே இது இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."