கவர்னர் வீட்டுச் சம்பந்தம்

மாப்பிள்ளை வெள்ளைக்காரன் என்பதைக்கூடக் கிறிஸ்துராஜா பொறுத்துக்கொண்டார். ஆனால் லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கட சனம் "ஆரின்ர பொடியன்? எந்தப் பகுதி?" என்று துருவினால் சொல்ல ஒரு பரம்பரை வேண்டாமா? மகள் ஜெனோஜாவுக்குக் காதலிக்கத் தெரிந்த அளவு விசாரிக்கத் தெரியவில்லை. அமெரிக்கப் பொடியன் ஈத்தன் நல்லவன், உழைப்பாளி. அதை வைத்துக்கொண்டு சபையில் தலைநிமிர முடியுமா?

அவரே இன்டர்நெட்டில் இறங்கித் துழாவினார். புதையலே கிடைத்தது. ஈத்தனின் ஏழு தலைமுறைக்கு முந்திய பாட்டன், பட்டாளத்துக் கேணல் ஆமோஸ் வெல்டன். மீசை முளைக்குமுன் துவக்குத் தூக்கி அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயரையே சுட்டு விரட்டியவர். பிறகு மேற்கே போய்க் கோட்டை கட்டி, சுற்றியிருந்த பிரதேசத்துக்கே கவர்னராகி, ரோட்டுப் போட்டு, பள்ளிக்கூடம் திறந்து, மெத்தையில் படுத்து நிம்மதியாகச் செத்தவர். ஒரு சம்பந்தி வீட்டிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது?

நிச்சயதார்த்தத்துக்கு முதல்நாள் ஈத்தன் பழகிய தமிழில் கெஞ்சினான். "மாமா, ப்ளீஸ், அவரைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

என்ன அடக்கம் என்று கிறிஸ்துராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. கவர்னர் இரத்தமல்லவா.

மறுநாள் மண்டபத்தில் மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. கேணல் சண்டை பிடித்தார், கோட்டை கட்டினார், ஆண்டார். தட்டுகளில் றோல்ஸ் ஆறிப்போனது. சனம் கைதட்டியது. ஈத்தன் மட்டும் நிலத்தைப் பார்த்தபடி இருந்தான்.

முன்வரிசையில் மனைவியின் தமையன் மரியநாயகம் எழும்பினார். யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் அவருடைய வீடும் தோட்டமும் இன்னும் இராணுவ முகாமுக்குள்.

"மச்சான், கோட்டை கட்டின காணி ஆரின்ர?"

"அங்க இருந்த செவ்விந்தியச் சனத்தின்ர."

"அந்தச் சனம்?"

"வேற இடத்துக்கு அனுப்பினவை. எல்லாம் ஒப்பந்தம் எழுதித்தான்."

"எங்கட காணிய எடுக்கேக்க ஒப்பந்தமும் எழுதேல்ல. பிறகு ரோட்டுப் போட்டவங்கள். பட்டாளத்துக்காரர் ஒருத்தர் எங்கட மாகாணத்துக்குக் கவர்னராயும் வந்தவர். நாளைக்கு அவையின்ர சம்பந்தியளும் உப்பிடித்தான் மைக் பிடிப்பினம்."

பொடியன் ஏன் கெஞ்சினான் என்பது அப்போதுதான் கிறிஸ்துராஜாவின் மண்டையில் ஏறியது. கையிலிருந்த பேச்சுக் குறிப்பில் இன்னும் இரண்டு கோட்டை பாக்கி. மைக்கை அணைத்தார்.

ஈத்தன் நேரே மரியநாயகத்திடம் போனான். "சொறி, அங்கிள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மரியநாயகம் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரு தம்பி. எங்களிட்ட இன்னும் ஒருத்தரும் வந்து அதைச் சொல்லேல்ல."