படம் நீட்டிய ஒரு சாண்

கார்த் தகடு தட்டிச் சீர்செய்யும் டிங்கருக்கு அந்தப் படங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தங்கை வீட்டுச் சுவர் முழுக்க அதுதான்: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களின் விளம்பர ஓவியங்கள். ரயில்பெட்டி நீளத்துக்கு ஒரு கார், பக்கத்தில் பொம்மை அளவில் ஒரு சீமாட்டி. சக்கரத்தில் பொட்டுச் சேறு கிடையாது. எவனாவது டயர் மாற்றுகிற ஆளை வரைந்திருக்கிறானா? கையில் கிரீஸ் படாதவனுக்காகக் கையில் கிரீஸ் படாதவன் வரைந்தது.

தங்கை புருஷனுக்கோ அதுதான் வேதம். அவனிடம் அதே ரகக் கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. பழைய கார் சங்கத்தின் கண்காட்சிக்குத் தயார் செய்யச் சொல்லி அதைக் கொண்டுவந்து விட்டான். கூடவே ஒரு படத்தையும் நீட்டினான்.

"மச்சான், இதுல இருக்கற மாதிரியே முன்பக்க பானட் நீளமா வரணும்."

"மாப்ள, ஆளைச் சின்னதா போட்டுக் காரை நீட்டியிருக்கான். நிஜத்துல இவ்ளோ கிடையாது."

"கம்பெனிக்காரன் போட்ட படம் பொய் சொல்லுமா?"

வேறு எது சொல்லும்? இந்த மண்டூகத்திடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று டிங்கர் படத்தை வாங்கிக்கொண்டார். சங்கத்தில் நாற்பது கார்கள். இந்த ஒன்று பேர் வாங்கினால் நாற்பதும் அவர் பட்டறைக்கு வரும். அசல் பானட்டை வெட்டி, ஒரு சாண் தகடு வைத்துப் பற்றவைத்தார். கண்ணாடியையும் சீட்டையும் பின்னுக்குத் தள்ளினார்.

பெயின்ட் காய்ந்த அன்று சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். சனியன், அழகாகத்தான் இருந்தது. கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, புத்தி கெட்டவனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கண்காட்சியில் சங்கத் தலைவர் டேப்பை எடுத்து அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். கூட்டம் கூடிவிட்டது.

"ஒன்பது அங்குலம் அதிகம். அசல் பானட்டைப் போய் வெட்டியிருக்கீங்க. யார் செஞ்ச வேலை இது?"

தங்கை புருஷன் கூசாமல் கைகாட்டினான். "நான் சும்மா ஒரு படம் குடுத்தேன். மச்சான்தான் அதைப் பாத்து மயங்கிட்டாரு."

டிங்கருக்கு ரத்தம் கொதித்தது. படம் பொய் என்று தெரிந்தேதான் வெட்டினேன் என்று சொன்னால், அப்புறம் எவன் காரை விடுவான்? மயங்கவே இல்லை என்று சத்தியம் செய்யலாமென்றால், அந்த ஆறிப்போன டீ வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

"ஆமா, மயங்கிட்டேன்" என்றார்.

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தங்கை புருஷனை இத்தனை வருஷமாக டிங்கர் பார்த்துவந்த அதே பார்வை.